அனிமோன் சுருங்கிக் கிடக்கிறதா? முதலில் லைட்டைப் பாருங்கள்

இரவு பத்து மணிக்கு மேல் எனக்குப் போன் வந்தால் அது பெரும்பாலும் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் வளர்க்கும் அனிமோன் என்ற கடல் உயிரின் விஷயமாகத்தான் இருக்கும். "அண்ணா, சுருங்கிப் போச்சுண்ணா. செத்துருச்சா?" என்று ஒரு பையன் பதறுவான். உப்பு எவ்வளவு, அமோனியா எவ்வளவு என்று அவன் தயாராக வைத்திருக்கும் எண்களை அப்புறம் கேட்டுக்கொள்வேன். என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இன்னைக்கு லைட் எத்தனை மணிக்கு எரிஞ்சுது தம்பி?"

சென்னையில் கொளத்தூரிலிருந்து எண்ணூர் வரை வீடுகளில் இருக்கும் மரைன் டேங்குகளை, அதாவது கடல் உயிர்த் தொட்டிகளை, பார்த்துக்கொள்வது என் வேலை. அனிமோனுக்குக் கோளாறு என்று கூப்பிட்ட வீடுகளில் பாதிக்கு மேல் அனிமோன் நன்றாகவே இருந்தது. தன் மேல் விழுந்த வெளிச்சத்துக்கு அது சரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நாம் கொடுத்த வெளிச்சத்தில்தான் கோளாறு. இது தெரியாமல் தண்ணீரை மாற்றி, மருந்தை ஊற்றி, பாறையை நகர்த்தி, நல்ல உயிரைக் கொன்றுவிடுகிறோம். அதனால்தான் அறிகுறி வாரியாக இதை எழுதுகிறேன். உங்கள் தொட்டியில் தெரிவது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் இந்த மூன்று பத்திகளை மட்டும் படித்துவிடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கடல் சாமந்தி என்று படித்தோமே, அதுதான் அனிமோன். கண் கிடையாது, மூளை கிடையாது. உடம்பு முழுக்க வலைபோல் பரவிய நரம்புகள் மட்டும் உண்டு. ஆனாலும் அதற்கு வெளிச்சம் தெரியும். நம் விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் ஆப்சின் என்ற புரதக் குடும்பம் அதனிடமும் இருக்கிறது. கழிமுகச் சேற்றில் வாழும் நெமடோஸ்டெல்லா என்ற சின்ன அனிமோனின் மரபணுத் தொகுதியை 2007-இல் வெளியிட்டார்கள். அதில் ஆப்சின்கள் மட்டும் சுமார் 30 இருப்பது பிறகு எண்ணித் தெரிந்தது. நமக்குப் பத்துக்கும் குறைவுதான். கண்ணே இல்லாத ஒன்றிடம் நம்மைவிட மூன்று மடங்கு ஆப்சின் இருக்கிறது என்று முதன்முதலில் படித்த அன்று, நான் தொட்டி முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இது அனிமோனின் சொந்த உணர்வு. இதற்கு மேல் இன்னொரு கதையும் உண்டு. நாம் தொட்டியில் வைக்கும் பெரிய அனிமோன்களின் திசுவுக்குள் பழுப்பு நிற ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது சர்க்கரை தயாரித்து, குடியிருக்கும் வீட்டுக்கு வாடகைபோல் கொடுக்கிறது. அனிமோனின் சாப்பாட்டில் பெரும்பங்கு இந்த வாடகைதான்.

ஆக, வெளிச்சத்துக்கு இரண்டு விதமான பதில்கள் வரும். அனிமோன் தானாக உணர்ந்து சொல்லும் பதில் நிமிடக் கணக்கில் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் பாசியை முன்னிட்டு வரும் பதிலுக்கு மணிக்கணக்கு ஆகும், நாள் ஆகும், வாரமும் ஆகும். அறிகுறி எவ்வளவு வேகத்தில் வந்தது என்று கவனித்தாலே எங்கே தேட வேண்டும் என்பது பாதி புரிந்துவிடும்.

கை வைப்பதற்கு முன்

ஒரு பகல், ஒரு இரவு எதையும் தொடாதீர்கள். உப்பையும் வெப்பத்தையும் மட்டும் அளந்து குறித்து வையுங்கள். உப்பு அடர்த்தி 1.025 பக்கம், வெப்பம் 25, 26 டிகிரி என்றால் தண்ணீரை விட்டுவிடலாம்.

அடுத்து, பழைய போன் ஒன்றைத் தொட்டிக்கு எதிரே சாய்த்து வைத்து டைம்லாப்ஸ் ஓட விடுங்கள். அனிமோனின் அசைவு நம் கண்ணுக்குப் பிடிபடாத அளவுக்கு மெதுவானது. மெட்ரிடியம் என்ற குளிர்க்கடல் அனிமோனை வைத்து பாத்தம், பான்டின் என்ற இருவர் 1950-இல் எழுதிய கட்டுரைகளே இதைப் பற்றித்தான். எந்தத் தூண்டலும் இல்லாமல் சும்மா இருப்பதாகத் தோன்றும்போதுகூட அது நீண்டு, குறுகி, சாய்ந்து, தனக்கென்று ஒரு போக்கில் இயங்கிக்கொண்டே இருக்கிறது. நாம் நாளைக்கு இரண்டு முறை எட்டிப் பார்த்து, விரிந்திருந்த காட்சியையும் சுருங்கியிருந்த காட்சியையும் ஒட்டவைத்து "திடீரென்று சுருங்கிவிட்டது" என்கிறோம். வீடியோவை ஓட்டிப் பார்த்தால் அது திடீரென்று நடக்கவில்லை என்பது தெரியும்.

இரவில் பார்க்க டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அனிமோனின் ஒளியுணர்வு நீலம், பச்சைப் பக்கம்தான் கூர்மையாக இருக்கிறது. மங்கலான சிவப்பை அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. வெள்ளை டார்ச் அடித்துவிட்டு "ராத்திரியில் பார்த்தால் சுருங்குகிறது" என்று சொன்னால், சுருங்க வைத்தது அந்த டார்ச்தான்.

"லைட் எரிந்த கொஞ்ச நேரத்தில் சுருங்கிவிடுகிறது"

வேகமான பதில். ஆகவே அனிமோனின் சொந்த உணர்வில் தேடுங்கள். கடலில் விடியல் என்பது ஒரு மணி நேர வேலை. நம் வீட்டுத் தொட்டியில் சுவிட்சைத் தட்டினால் நள்ளிரவு ஒரே நொடியில் நண்பகல் ஆகிவிடுகிறது. மெட்ரிடியத்தை வைத்து நார்த், பான்டின் இருவரும் 1958-இல் வெளியிட்ட ஆய்வில், ஒளி பட்டதும் அதன் தண்டுத் தசைகள் சுருங்குவதைத் தான் அளந்தார்கள். அந்த அனிமோனுக்குள் பாசியே கிடையாது. பாசி இல்லாமலே வரும் பதில் இது.

டிம்மர் உள்ள எல்.இ.டி. என்றால் முக்கால் மணி நேரத்தில் ஏறும்படி அமைத்துவிடுங்கள். டிம்மர் இல்லாத மலிவு லைட் என்றால் நீலத்துக்கு ஒரு டைமர், வெள்ளைக்கு ஒரு டைமர்: நீலம் முதலில், முக்கால் மணி கழித்து வெள்ளை. அணைக்கும்போது இதே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். அதுவும் முடியாதா? அறை ஜன்னலைத் திறந்து அரைமணி நேரம் விட்ட பிறகு தொட்டி லைட்டைப் போடுங்கள். அதுவே போதும்.

நேற்று வரை நன்றாக விரிந்தது, இன்றைக்குத்தான் சுருங்குகிறது என்றால், அது பாசியை முன்னிட்டு வரும் பதிலாகவும் இருக்கலாம்; நேற்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசிக்க வேண்டும். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் கம்பள அனிமோன், தட்டு அளவுக்கு இருக்கும். மூன்று நாளாக இப்படி: லைட் எரிந்த உடனே ஓரம் முழுக்க உள்ளே மடிந்து, கட்டிய சுருக்குப் பைபோல் ஆகிவிடும். இரை பிடிக்கும் விரல்களின் நுனிகள் மட்டும் அந்தச் சுருக்கத்தின் நடுவே கொத்தாக எட்டிப் பார்க்கும். லைட்டை அணைத்த ஒரு மணி நேரத்தில் மறுபடி தட்டு. தண்ணீர் சரி, வெப்பம் சரி, லைட் அதே பழைய லைட். கடைசியில் அந்த வீட்டு அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, மேல இருக்குற கண்ணாடியைத் துடைச்சீங்களா?" "ஆமா தம்பி, ஆடி வெள்ளிக்கு வீடு கழுவுனப்ப அதையும் சேர்த்துத் துடைச்சேன். அவ்ளோ உப்பு படிஞ்சு கெடந்துச்சே."

மாதக்கணக்கில் படிந்த உப்புத் தோல் லைட்டுக்குத் திரைபோல் நின்றிருந்தது. பாசி அந்த மங்கலுக்குப் பழகி, கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிக்க நிறமியைக் கூட்டி வைத்திருந்தது. திரை ஒரே நாளில் போனதும் பாசி தேவைக்கு மேல் ஆக்சிஜனை உமிழத் தொடங்கியது. அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன் திசுவுக்கு நஞ்சு. அனிமோனுக்குத் தெரிந்த தற்காப்பு, மடிந்து தன் மேலேயே நிழல் போட்டுக்கொள்வது.

லைட்டை ஒரு சாண் உயர்த்திக் கட்டினோம். இரண்டு நாளுக்கு ஒரு விரற்கடை இறக்கினார்கள். சாணுக்குப் பன்னிரண்டு விரற்கடை. 24 நாளில் பழைய உயரத்துக்கு வந்தது, அனிமோன் மடங்கவில்லை.

தண்ணீரைத் தெளியவைக்க ஃபில்டரில் போடும் கார்பனை மாற்றினாலும் இதே கதைதான். பழைய தண்ணீரில் இருக்கும் மஞ்சள் சாயல் ஒளியை விழுங்கிக்கொண்டிருக்கும். புது கார்பன் போட்ட மறுநாள் தண்ணீர் கண்ணாடிபோல் ஆகி, அடியில் ஒளி கூடிவிடும். முழுக் கார்பனையும் ஒரே நாளில் மாற்றாமல் பாதி பாதியாக மாற்றுங்கள்.

"நேரங்கெட்ட நேரத்தில் விரிகிறது, நேரங்கெட்ட நேரத்தில் சுருங்குகிறது"

டைமரைப் பாருங்கள். நம் ஊரில் இதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. சுற்று வட்டத்தில் பல் பல்லாக இருக்கும் சாதா டைமருக்குள் பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், வந்தால் விட்ட இடத்திலிருந்து சுற்றும். இன்று அரைமணி, நாளை மறுநாள் ஒரு மணி என்று போன கரண்ட்டெல்லாம் சேர்ந்து, மே மாதம் முடிவதற்குள் காலை பத்துக்கு எரிய வேண்டிய லைட் பகல் இரண்டுக்கு எரியும், இரவு பன்னிரண்டு வரை எரியும். வேலைக்குப் போய் இரவு வீட்டுக்கு வருபவர்களுக்கு லைட் எரிந்துகொண்டே இருப்பதுதான் தெரியும், எப்போது எரிய ஆரம்பித்தது என்று தெரியாது.

அனிமோனுக்கு இது தெரியும். 2012-இல் நெமடோஸ்டெல்லாவை வைத்து ஒரு ஆய்வு வந்தது. பகல்-இரவு மாறி மாறி வந்தபோது அது இரவில் கூடுதலாக அசைந்தது; வெளிச்சத்தை மாற்றாமல் ஒரே நிலையில் வைத்த பிறகும் ஏறக்குறைய 24 மணி நேரச் சுழற்சியை விடாமல் கொண்டு போனது. அதாவது உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. வெளிச்சம் அந்தக் கடிகாரத்துக்கு முள்ளைத் திருத்தி வைக்கிறது. தினமும் முள்ளை இடம் மாற்றி வைத்தால் அது எந்த நேரத்தை நம்பும்?

பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். எட்டு முதல் பத்து மணி நேர வெளிச்சம், மற்ற நேரம் நல்ல இருட்டு. ஹாலில் டி.வி. ஓடும் வீடுகளில் தொட்டிக்கு ஒரு துணித்திரை போடச் சொல்கிறேன். கரண்ட் போய் நள்ளிரவில் திரும்ப வரும்போது சில மலிவு லைட்டுகள் தாமாகவே முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும். ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சொருகிச் சோதித்துவிடுங்கள். சரிசெய்த பின் ஒரு வாரம் பொறுத்தால் விரியும் நேரம் தானாக ஒழுங்குக்கு வரும்.

"ஓரிடத்தில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது"

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இதுதான், ஏனென்றால் எங்கே போகிறது என்பதிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறது. ஆபத்தானதும் இதுதான். அதனால் வேறு எதையும் செய்வதற்கு முன் தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட், வேவ்மேக்கர் மோட்டார்களின் வாய்களுக்கு ஸ்பாஞ்ச் உறை மாட்டுங்கள். உறிஞ்சும் வாயில் சிக்கிய அனிமோன் தானும் கிழிந்து, விஷம் பாய்ச்சிக் கொட்டும் செல்களைத் தண்ணீரில் கலந்து மீன்களையும் கொன்றுவிடும்.

கலிபோர்னியக் கரையில் கூட்டமாக வாழும் அந்தோப்லூரா என்ற அனிமோனில் விக்கி புக்ஸ்பாம் பியர்ஸ் செய்த சோதனையை 1974-இல் வெளியிட்டார். உள்ளே பாசி இருக்கும் அனிமோன்கள் மிதமான ஒளியைத் தேடி ஊர்ந்தன, ஒளி மிஞ்சினால் விலகிப் போயின. அதே இனத்தில் பாசி இல்லாதவை வெளிச்சம் எங்கே இருந்தாலும் கண்டுகொள்ளவில்லை. ஊர்ந்து போவது விலங்குதான், ஆனால் போக வேண்டும் என்ற தேவை உள்ளே குடியிருக்கும் பாசியோடு சேர்ந்துதான் வருகிறது. விரல் நுனி குமிழாக வீங்கியிருக்கும் குமிழ் நுனி அனிமோன் உங்கள் தொட்டியில் ஊரும்போது இதை மனதில் வையுங்கள்.

கண்ணாடியில் ஏறி மேல்மட்டத்துக்கு வந்து லைட்டுக்கு அருகில் ஒட்டிக்கொள்கிறதா? ஒளி போதவில்லை. பாறைக்கு அடியில், பின்பக்கம் போய் ஒளிகிறதா? ஒளி அதிகம், அல்லது வாங்கி வந்து இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. புதிதாக வந்தது நாலைந்து நாள் சுற்றிப் பார்ப்பது இயல்பு. எங்கும் நில்லாமல் தொட்டியையே வலம் வருகிறதா? ஒளியைவிடக் கால், அதாவது பாறையில் ஒட்டும் அடிப்பாகம், பதிக்கும் இடம்தான் பிரச்சினை. குமிழ் நுனி அனிமோனுக்குக் கால் இருட்டுப் பொந்துக்குள் இருக்க வேண்டும், தலை வெளிச்சத்தில் இருக்க வேண்டும். இரண்டும் கிடைக்கும் பாறை ஒன்றை வைத்துக் கொடுத்தால் நின்றுவிடும்.

சந்தேகம் இருந்தால் அட்டைச் சோதனை செய்யுங்கள். தொட்டியின் பாதிக்கு மேல் ஒரு அட்டையை வைத்து மூன்று நாள் விடுங்கள். நிழல் பக்கம் வந்தால் ஒளியைக் குறையுங்கள். வெளிச்சப் பக்கமே நின்றால் ஒளி மேல் குற்றமில்லை.

தயவுசெய்து கத்தி, பழைய ஏ.டி.எம். கார்டு என்று எதையும் வைத்து நெம்பிப் பழைய இடத்துக்கு இழுக்காதீர்கள். கால் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம். மூன்று நாள் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அதுதான் அதன் இடம். லைட்டை வேண்டுமானால் நகர்த்துங்கள். ஒளி அளவு தெரிய வேண்டும் என்பவர்கள் பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் (PAR) மீட்டரை வாடகைக்கோ நண்பரிடமோ வாங்கிப் பார்க்கலாம். குமிழ் நுனி வகைக்கு 100 முதல் 250 வரை என் கைக்கு ஒத்துவந்திருக்கிறது. வெட்டவெளியில் உச்சி வெயிலுக்கு 2,000 பக்கம் காட்டும் என்பதை வைத்து இந்த எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்.

"ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது"

அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கும். தண்டின் ஒரு பக்கத் தசை மற்றப் பக்கத்தைவிடக் கூடுதலாகச் சுருங்கினால் உடம்பு வளைகிறது, அவ்வளவுதான். ராயபுரம் பக்கம் கிழக்குப் பார்த்த வீடுகளில் காலை வெயில் தாழ்வாக வந்து நேராகத் தொட்டிக்குள் விழும். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். சாய்வு அதனால் வந்ததுதான் என்றால் இரண்டு மூன்று நாளில் நிமிர்ந்துவிடும். கூடவே தண்டு நெடுக நீண்டு, மெலிந்து, வாயைச் சுற்றியுள்ள தட்டு தட்டையாக அகன்று இருந்தால் மொத்தத்திலேயே ஒளி குறைவு.

"நிறம் போய் வெளுத்துவிட்டது"

இதில் பொறுமை வேண்டும். முதலில் இரண்டு வகை வெளுப்பைப் பிரிக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் எலுமிச்சை மஞ்சளில் ஒரு அனிமோனைக் கடையில் பார்த்து, அழகில் மயங்கி வாங்கி வந்தேன். பெயர் எதற்கு, எந்தக் கடையாக இருந்தால் என்ன. மூன்று வாரத்தில் மஞ்சள் இறங்கி, ஊறவைத்த ஜவ்வரிசி நிறத்துக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே பாசியை இழந்து வெளுத்த அனிமோனுக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். பளிச்சென்ற மஞ்சள், ரோஜா நிறத்தில் உடம்பு முழுக்க ஒரே சீராக, எங்கும் பழுப்புச் சாயலே இல்லாமல் இருந்தால் வாங்காதீர்கள். இயற்கையில் பச்சையாக, சிவப்பாக ஒளிரும் வகைகள் உண்டு. அந்த நிறம் அனிமோனே தயாரிக்கும் புரதத்தின் நிறம். அவற்றிலும் விரலின் உட்புறம் உற்றுப் பார்த்தால் பாசியின் பழுப்பு தெரியும்.

மற்றது, உங்கள் தொட்டியிலேயே வெளுத்தது. வெப்பமும் ஒளியும் சேர்ந்து அடித்தால் பாசியின் ஒளிச்சேர்க்கைக் கருவி பழுதாகிறது, அனிமோன் பாசியை வெளியேற்றுகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொடும். அப்போது, மார்ச் மாதம் வரை பிரச்சினையில்லாத அதே லைட், அதே உயரம், பாசிக்குத் தாங்காத வெளிச்சமாகிவிடுகிறது. அதனால் நான் எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருப்பது: சில்லர் நின்றால், ஐஸ் பாட்டிலைத் தேடி ஓடுவதற்கு முன் லைட்டை அணையுங்கள். வெப்பத்தை உடனே குறைக்க முடியாது, ஒளியை உடனே குறைக்கலாம். நாலு நாள் அரை வெளிச்சத்தில் இருந்தால் அனிமோன் பட்டினியில் சாகாது. 32 டிகிரியில் முழு வெளிச்சத்தில் இரண்டு நாள் இருந்தால் வெளுத்துவிடும்.

வெளுத்தது சாகவில்லை. வாய் இறுக மூடியிருக்கிறதா, விரல் உணவைத் தொட்டதும் ஒட்டுகிறதா, கால் பிடித்திருக்கிறதா? மூன்றும் ஆமாம் என்றால் காப்பாற்றலாம். "பாசி வளரணும்னா வெளிச்சம் கூட வேணுமே அண்ணா" என்று லைட்டைக் கூட்டிவிடுவார்கள். செய்யாதீர்கள். மிச்சமிருக்கும் கொஞ்சப் பாசிக்கு நிழல் கொடுக்கச் சுற்றிலும் வேறு பாசி இல்லை. அத்தனை ஒளியும் அதன் மேலேயே விழும். பாதி வெளிச்சத்தில் ஆரம்பித்து, ஆறு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள்.

வாடகை நின்றுபோன வீடு அது. பாசி திரும்ப வளரும் வரை கையால் ஊட்ட வேண்டும். காசிமேட்டில் காலையில் வாங்கிய இறாலை உரித்து, அரிசி அளவுக்கு நறுக்கி, வாரம் இரண்டு முறை. சமையலுக்கு மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவிய இறாலை எடுக்காதீர்கள், அதற்கு முன்பே நாலு துண்டு தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பெரிய துண்டாகப் போட்டால் பலவீனமான அனிமோன் மறுநாள் வெளியே துப்பிவிடும்.

ஊட்டுவதற்கு லைட் மங்கும் நேரம் நல்லது. அனிமோனின் தூரத்து உறவான ஹைட்ராவில் 2012-இல் ஒரு குழு செய்த சோதனையில், பிரகாசமான நீல ஒளியில் கொட்டும் செல்கள் குறைவாக வெடித்தன, மங்கலான ஒளியில் கூடுதலாக வெடித்தன. ஆப்சின்தான் அங்கேயும் வேலை செய்கிறது. என் தொட்டிகளில் அந்தி நேரத்தில் ஊட்டினால் விரல் பிடிக்கும் பிடியே வேறு மாதிரி இருப்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

நாலாவது, ஐந்தாவது வாரத்தில் விரல்களின் அடிப்பகுதியில் வெல்லப் பாகு தெளித்தாற்போல் மெல்லிய பழுப்பு தெரியும். அதைப் பார்த்த நாளைக் குறித்து வையுங்கள்.

"பளபளப்புப் போய் அடர் பழுப்பாகிவிட்டது"

ஒளி குறைந்து, பாசி நிறமியைக் கூட்டிக்கொண்டது. நோய் கிடையாது. பழைய லைட்டைத் துடையுங்கள், அல்லது வாரத்துக்குக் கொஞ்சமாக ஒளியைக் கூட்டுங்கள்.

"ராத்திரி உருண்டையாகிவிடுகிறது, வாயிலிருந்து பழுப்பு நூல் வருகிறது"

பல வகைகள் இரவில் உடம்பிலுள்ள தண்ணீரை வெளியேற்றிச் சின்னதாகிக்கொள்ளும். காலையில் விரிந்தால் சரி. பழுப்புச் சளி நூல் கொஞ்சமாக வந்தால் கழிவும் உபரிப் பாசியும்தான். கரீபியக் கடலில் லெப்ரூனியா என்ற அனிமோன் இதை இன்னும் அழகாகச் செய்கிறது: பகலில் பாசி நிறைந்த இலைபோன்ற கிளைகளை வெளிச்சத்துக்கு விரிக்கும், இரவில் அவற்றைச் சுருட்டிவிட்டு இரை பிடிக்கும் விரல்களை வெளியே நீட்டும். பகலுக்கு ஒரு வேலை, இரவுக்கு ஒரு வேலை. உங்கள் அனிமோன் இரண்டையும் அதே விரல்களை வைத்துச் செய்கிறது.

வாய் பிளந்து உள்பக்கம் வெளியே தொங்கி, கால் பிடி விட்டு, அழுகிய வாடை வந்தால் மட்டும் லைட்டை விட்டுவிடுங்கள். உடனே கிண்ணத்தில் அள்ளி வெளியே எடுத்து, தண்ணீரில் கால்பங்கை மாற்றி, கார்பன் போடுங்கள். அந்த அனிமோன் போய்விட்டது. மீன்களைக் காப்பாற்ற வேண்டிய நேரம்.

"கல்லிலிருந்து எடுத்து வந்தேன், தொட்டியில் விரியவே மாட்டேன் என்கிறது"

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எர்ணாவூர் வரை அலைத் தடுப்புக்குக் கொட்டிய கருங்கற்களின் இடுக்குகளில் ஒரு ரூபாய்க் காசு அளவில் சின்ன அனிமோன்கள் இருக்கின்றன. தண்ணீர் வடிந்த நேரத்தில் பார்த்தால் மணலும் சிப்பித் தூளும் ஒட்டிய ஈரமான குமிழ். விரலால் தொட்டால் பிசுக்கென்று தண்ணீரைப் பீய்ச்சும். விடியற்காலை, அலை ஏறும் நேரத்தில் சிவப்பு டார்ச்சோடு குனிந்து பாருங்கள். முதல் அலை நனைத்துப் போகும், ஒன்றும் நடக்காது. நாலைந்து அலைக்குப் பிறகு குமிழின் நடுவே ஒரு புள்ளி நெகிழும், அதிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். வெயில் ஏறியதும், கல்லின் நிழல் பக்கத்தில் இருப்பவை விரிந்தே இருக்க, வெயில் படும் பக்கத்தில் இருப்பவை மூடிக்கொள்வதைப் பார்க்கலாம். மேலே ஒட்டிய சிப்பித் தூள் அதற்குக் குடையாகிறது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆசையில் பெயர்த்து வந்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள், எடுக்க விடாதீர்கள். ஏறி இறங்கும் அலைக்கும் கல்லின் நிழலுக்கும் பழகியது, நாள் முழுக்க அசையாத தண்ணீரில் எல்.இ.டி. வெளிச்சத்துக்குக் கீழே விரிய வழியில்லை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே கப்பல்கள் மோதி எண்ணெய் ஒதுங்கியபோது, இந்தக் கற்களிலிருந்துதான் ஆட்கள் பக்கெட் பக்கெட்டாக அள்ளினார்கள். அதையெல்லாம் தாண்டி அங்கே உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏற்கெனவே எடுத்து வந்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே லைட்டை அணைத்து, ஈரத்துணி மூடிய கிண்ணத்தில் அதே தொட்டித் தண்ணீரோடு வையுங்கள். நாளைக் காலை தண்ணீர் வடியும் நேரம் பார்த்து, வெயில் ஏறும் முன், எடுத்த அதே இடத்துக்குப் போங்கள். அலை நேரடியாக அடிக்காத, நிழல் விழும் இடுக்கு ஒன்றில், தண்ணீர் தேங்கும் குழியாகப் பார்த்து, அதன் கால் கல்லைத் தொடும்படி கிடத்துங்கள். சுற்றிலும் ஒரு கைப்பிடி சிப்பித் தூளைத் தூவி, கால் பிடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அரைமணி ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம்.